வந்தது வந்தபடியே

இந்த இதழ் முழுக்க இணையச் செய்திகளைப் பற்றிய கேள்விகள்தான். வந்தவற்றில் பாதி "யாரை நம்புவது?" என்று கேட்டன. மீதி "யாரை உதைப்பது?" என்று கேட்டன. முதல் பாதிக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

அச்சில் வந்தால் நம்பலாம், இணையத்தில் வந்தால் சந்தேகப்பட வேண்டும் என்பது என் கட்சி. சரிதானே?
*ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், தஞ்சாவூர்*

பாதி மார்க் போடலாம் ஐயா. 1998-இல் அமெரிக்காவில் நடந்ததைச் சொல்கிறேன், மீதியை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

'தி நியூ ரிபப்ளிக்' 1914-இல் தொடங்கிய மரியாதைக்குரிய இதழ். அதில் ஸ்டீபன் கிளாஸ் என்ற இளம் நிருபர் ஒரு கட்டுரை எழுதினார். பதினைந்து வயதுப் பையன் ஒருவன் 'ஜக்ட் மைக்ரானிக்ஸ்' என்ற மென்பொருள் நிறுவனத்தின் கணினிகளுக்குள் புகுந்துவிட்டான். நிறுவனமோ அவனைப் போலீஸில் ஒப்படைக்காமல், கூப்பிட்டு உட்காரவைத்துச் சம்பளம் பேசியது. படிக்கச் சுவையான கட்டுரை. இவ்வளவு பெரிய செய்தி நமக்கு எப்படித் தப்பியது என்று ஃபோர்ப்ஸ் இதழின் இணையப் பிரிவில் கேள்வி எழுந்தது. ஆடம் பெனன்பெர்க் என்ற நிருபர் தேட ஆரம்பித்தார். அப்படி ஒரு நிறுவனம் எந்தப் பதிவிலும் இல்லை. ஒரு போன் நம்பரும் ஒரேயொரு இணையப் பக்கமும் மட்டும் இருந்தன. பக்கத்தை கிளாஸே செய்து வைத்திருந்தார். நிறுவன அதிகாரியாகப் போனில் பேசியது அவருடைய தம்பி. நூலைப் பிடித்து இழுத்ததும், அந்த இதழில் அவர் எழுதிய 41 கட்டுரைகளில் 27 முழுதாகவோ பகுதியாகவோ கட்டுக்கதை என்று தெரிந்தது.

அந்த இதழில் சரிபார்க்க ஆளில்லையா என்று கேட்பீர்கள். இருந்தார்கள். ஆனால் நிருபர் நேரில் பார்த்ததாகச் சொல்லும் விஷயங்களுக்கு அவருடைய குறிப்பேடுதான் அவர்களுக்குச் சான்று. கட்டுரையை எழுதிய அதே கை குறிப்பேட்டையும் எழுதியிருந்தது. அச்சுப் பொய்யை அம்பலப்படுத்தியது இணைய நிருபர், அதுவும் கூகுள் தேடல் பரவுவதற்கு முன்பே. ஆக, காகிதமா திரையா என்பதல்ல விஷயம், யாராவது போன் போட்டு விசாரித்தார்களா என்பதுதான்.

'அதிர்ச்சி', 'பரபரப்பு', 'கதறல்' என்று தலைப்பு போடுகிறார்களே, உள்ளே போனால் ஒன்றும் இல்லையே?
*தையல்காரர், விருதுநகர்*

ஒன்றும் இல்லை என்பதுதான் அந்த அதிர்ச்சி.

இதழியல் படிக்கிறேன். ஓர் இணையதளம் நம்பத்தக்கதா என்று ஆராயச் சொல்லி ப்ராஜெக்ட். 'எங்களைப் பற்றி' பக்கம், வடிவமைப்பு, முகவரியின் கடைசி எழுத்துகள் எல்லாவற்றையும் பட்டியல் போட்டுப் பார்க்கிறேன். போதுமா?
*கல்லூரி மாணவி, மதுரை*

போதாதும்மா. பட்டியல் போட்டுத் தோற்றவர்கள் உங்களைவிடப் பெரிய படிப்பாளிகள். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் சாம் வைன்பர்க்கும் சாரா மெக்ரூவும் 45 பேரை உட்காரவைத்துப் பார்த்தார்கள். முனைவர் பட்டம் பெற்ற வரலாற்றறிஞர்கள் 10 பேர், செய்தி சரிபார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் 10 பேர், ஸ்டான்ஃபோர்ட் மாணவர்கள் 25 பேர். ஆய்வு 2017-இல் வெளிவந்தது.

அதில் ஒரு சோதனை: குழந்தை மருத்துவர் அமைப்புகள் இரண்டின் இணையதளங்களைக் காட்டி, எது நம்பகமானது என்று கேட்டார்கள். ஒன்று 1930-இல் தொடங்கி அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்களைக் கொண்ட அமெரிக்கன் அகாடமி ஆஃப் பீடியாட்ரிக்ஸ். இன்னொன்று, ஒருபாலினத் தம்பதிகள் குழந்தை தத்தெடுப்பதை அகாடமி ஆதரித்ததற்காகக் கோபித்துக்கொண்டு 2002-இல் பிரிந்துபோன சிறு குழு. ஆனால் பெயரில் கம்பீரம், பக்கத்தில் பளபளப்பு, கட்டுரைக்கு அடியில் அடிக்குறிப்புகள். மாணவர்களில் பெரும்பாலோர் சிறு குழுவின் பக்கம் சாய்ந்தார்கள். வரலாற்றறிஞர்களிலும் பாதிப்பேர் தடுமாறினார்கள். சரிபார்ப்பவர்கள் பத்துப் பேரும் சரியாகச் சொன்னார்கள்.

என்ன வித்தியாசம்? மற்றவர்கள் பக்கத்தை மேலிருந்து கீழே கர்மசிரத்தையாகப் படித்தார்கள். சரிபார்ப்பவர்கள் வந்த வேகத்தில் வெளியேறி, புதிய டேப்கள் திறந்து, இந்த அமைப்பைப் பற்றி ஊரில் என்ன பேச்சு என்று தேடினார்கள். நம் வீடுகளில் இது தெரியாத விஷயமா? மாப்பிள்ளையைப் பற்றி மாப்பிள்ளை வீட்டிலா விசாரிக்கிறோம்? பக்கத்து வீடு, வேலை செய்யும் இடம், தெருமுனைக் கடை என்று சுற்றிவிட்டுத்தானே காபி குடிக்கவே போகிறோம். 'எங்களைப் பற்றி' பக்கம் என்பது மாப்பிள்ளை வீட்டார் தரும் பயோடேட்டா. அதில் குடிப்பழக்கம் பற்றிய பத்தி இருக்காது.

ப்ராஜெக்டுக்கு ஒரு யோசனை. ஒரே சம்பவத்தை ஐந்து தமிழ்ச் செய்தித்தளங்கள் எப்படித் தந்திருக்கின்றன என்று எடுத்துப் பாருங்கள். எத்தனை தளங்கள் சொந்தமாக ஒருவரிடமாவது பேசியிருக்கின்றன, எத்தனை தளங்களில் ஒரே வாக்கியம், ஒரே எழுத்துப்பிழையோடு இருக்கிறது என்று எண்ணுங்கள். எழுத்துப்பிழையைப் பின்தொடர்ந்தால் மூலம் தெரியும். உங்கள் பேராசிரியர் எதிர்பார்க்காத முடிவு வரும்.

கொழுந்தனார் குடும்பக் குரூப்பில் தினமும் எதையாவது அனுப்புகிறார். கேட்டால் "வந்தது வந்தபடியே அனுப்பினேன்" என்கிறார். மனம் நோகாமல் எப்படிச் சொல்வது?
*குடும்பத் தலைவி, சேலம்*

குரூப்பில் சொல்லாதீர்கள். பத்துப் பேர் முன்னால் தவறு என்று சொன்னால் அதை நிரூபிக்க இன்னும் ஐந்து வீடியோ அனுப்புவார். தனியாகப் போன் செய்து, "அண்ணா, இது எங்கிருந்து வந்தது, எனக்கும் அந்த லிங்க் வேண்டும்" என்று கேளுங்கள். லிங்க் தேடி அலுத்தாலே பாதிப் பழக்கம் போய்விடும்.

ஆனால் இது வெறும் சிரிப்புக்குரிய பழக்கமில்லை. 2018 மே மாதம், குலதெய்வக் கோயிலுக்காக சென்னையிலிருந்து திருவண்ணாமலை மாவட்டம் போளூர்ப் பக்கம் போன குடும்பத்தினர், வழியில் குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்தார்கள். பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று ஊர் திரண்டு அடித்ததில் 65 வயது மூதாட்டி இறந்தார். அந்த மாதங்களில் நாடு முழுவதும் பிள்ளை கடத்தல் வதந்தி. மிக அதிகமாகச் சுற்றிய வீடியோவில், பைக்கில் வரும் இருவர் தெருவில் விளையாடும் சிறுவனைத் தூக்கிக்கொண்டு போவார்கள். அது கராச்சியில், காணாமல் போகும் குழந்தைகளைப் பற்றி விழிப்புணர்வு ஊட்ட எடுக்கப்பட்ட விளம்பரம். கடைசியில் பையனைத் திரும்பக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, வாசகம் எழுதிய அட்டையைக் காட்டுவார்கள். அந்தச் சில விநாடிகளை யாரோ வெட்டிவிட்டார்கள். குழந்தைகளைக் காப்பாற்ற எடுத்த படம் ஆளைக் கொல்ல உதவியது.

அதே ஆண்டு ஜூலையில் இந்தியாவில் ஒரு தகவலை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்படுத்தியது. 2020 ஏப்ரலில், பலமுறை கைமாறிய தகவலை ஒரு சமயத்தில் ஒருவருக்குத்தான் அனுப்பலாம் என்று இறுக்கியது. அப்படிப்பட்ட தகவலின் தலையில் இரட்டை அம்புக்குறி இருக்கும். கொழுந்தனாருக்கு அதை மட்டுமாவது காட்டிக் கொடுங்கள்.

2023-இல் எங்கள் ஊரில் வடமாநிலத் தொழிலாளர்களை அடிக்கிறார்கள் என்று வீடியோ பரவி, பாதி மெஷின் நின்றுபோனது. வீடியோவில் அடிப்பது தெரிகிறதே, அது எப்படிப் பொய்?
*பனியன் கம்பெனி சூப்பர்வைசர், திருப்பூர்*

அடி உண்மை, அடிக்குறிப்பு பொய். அப்போதைய டி.ஜி.பி. சைலேந்திர பாபு விளக்கியபடி, பரவிய காட்சிகளில் ஒன்று திருப்பூரில் பீகார்த் தொழிலாளர்கள் தங்களுக்குள் போட்ட சண்டை. இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்கள் இருவருக்கு இடையிலான மோதல். இரண்டிலும் 'தமிழர்கள் பீகாரிகளை அடிக்கிறார்கள்' என்ற வரியை ஒட்டியதும் அது வேறு படமாகிவிட்டது. வெறும் யூடியூபர்கள் மட்டுமல்ல, பெரிய இந்தி நாளிதழின் பெயரும் வழக்கில் அடிபட்டது. பீகார் அரசு அதிகாரிகள் குழுவை இங்கே அனுப்பி விசாரிக்கும் அளவுக்குப் போனது.

இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். பொய்ச் செய்தி என்றதும் கம்ப்யூட்டரில் உருவாக்கிய படம் என்று நினைக்கிறோம். பெரும்பாலும் அவ்வளவு உழைப்பெல்லாம் போடுவதில்லை. பழைய உண்மையான வீடியோ, புதிய வரி, செலவு பூஜ்யம். அதனால்தான் 'இந்த வீடியோ ஒரிஜினலா?' என்று கேட்பதில் பயனில்லை. எந்த ஊர், எந்த நாள், யார் யாரை என்ற மூன்றைக் கேளுங்கள். ஒரு ஃபிரேமை நிறுத்தி ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, கூகுளில் படமாகத் தேடினால் பல சமயம் அதன் பழைய பிறந்தநாள் தெரிந்துவிடும். கடைப் பலகையின் எழுத்து, வண்டியின் நம்பர் பிளேட், போலீஸ்காரரின் தொப்பி ஆகியவையும் ஊரைக் காட்டிக்கொடுக்கும்.

திருப்பூரில் அன்று நஷ்டம் யாருக்கு என்று யோசித்தால், ஹோலிக்கு எப்படியும் ஊருக்குப் போகவேண்டியவர்கள் பயத்தோடு போனார்கள். கூலியும் போயிற்று, ஆர்டரும் தாமதமாயிற்று. வீடியோ போட்டவர்களுக்கு வியூஸ் வந்தது.

பிரபல சேனல் லோகோவோடு நியூஸ் கார்டு வருகிறதே, அதை நம்பலாமா?
*ஆட்டோ ஓட்டுநர், கோவை*

லோகோவை ஒட்ட ஒரு நிமிடம் போதும். அந்தச் சேனலின் சொந்தப் பக்கத்துக்குப் போய் அதே நாளின் கார்டுகளைப் பாருங்கள். இல்லையென்றால் போலி. தேர்தல் நேரத்தில், ஒரு தலைவர் தன் வாயாலேயே தன் கட்சியைக் கெடுப்பதுபோல் ஒரு கார்டு வந்தால், பார்க்காமலேயே போலி என்று வைத்துக்கொள்ளலாம். சில தலைவர்கள் விஷயத்தில் மட்டும் இந்த விதி பலிப்பதில்லை.

யூடியூபில் செய்தி சொல்பவரும் பத்திரிகையாளர்தானா? தவறு செய்தால் யாரிடம் புகார் செய்வது?
*வங்கி ஊழியர், நாமக்கல்*

மைக் பிடித்தவரெல்லாம் பத்திரிகையாளர் இல்லை. சம்பளம் வாங்குபவர் மட்டுமே பத்திரிகையாளர் என்பதும் இல்லை. எனக்கு இரண்டு சோதனைகள் போதும். குற்றம் சாட்டப்பட்டவரிடம் பேச முயன்றாரா? தவறு வெளிப்பட்டபோது வீடியோவைச் சத்தமில்லாமல் நீக்கினாரா, அல்லது தவறு என்று அதே சத்தத்தோடு சொன்னாரா? இரண்டாவதில் தேறுபவர்கள், பெரிய நிறுவனங்களையும் சேர்த்து, சொற்பம்.

புகாரைப் பொறுத்தவரை நிலைமை பரிதாபம். பிரஸ் கவுன்சிலின் எல்லை அச்சு இதழ்களும் செய்தி நிறுவனங்களும் மட்டுமே. அவற்றையும் அது கண்டிக்கலாம், தண்டிக்க முடியாது. 2021 பிப்ரவரியில் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகள் டிஜிட்டல் செய்தி நிறுவனங்களுக்குக் குறைதீர்ப்பு அலுவலர் வேண்டும், 15 நாளில் முடிவு சொல்ல வேண்டும் என்றன. நெறிமுறைத் தொகுப்பைக் கட்டாயமாக்கிய பகுதிகளை அதே ஆண்டு ஆகஸ்டில் பம்பாய் உயர் நீதிமன்றம் நிறுத்திவைத்தது. மிஞ்சுவது அவதூறு வழக்கு. அதற்கு வேண்டியது பணமும் நீண்ட ஆயுளும்.

அப்படியானால் எது பொய்ச் செய்தி என்று அரசாங்கமே சொல்லிவிடலாமே?
*போட்டித் தேர்வு எழுதுபவர், திருநெல்வேலி*

ஆசை எல்லா அரசுகளுக்கும் உண்டு. மத்திய அரசு 2023-இல் விதியைத் திருத்தி, தன்னைப் பற்றிய செய்திகளில் எது பொய் என்று தன் பிரிவே முத்திரை குத்த வழிசெய்தது. நகைச்சுவைக் கலைஞர் குணால் கம்ரா உள்ளிட்டோர் வழக்குப் போட்டார்கள். பம்பாய் உயர் நீதிமன்றத்தில் இரண்டு நீதிபதிகள் இருவேறு தீர்ப்பு சொல்ல, மூன்றாவது நீதிபதியின் கருத்தோடு 2024 செப்டம்பரில் அந்தத் திருத்தம் விழுந்தது. அரசு மறுப்பு வெளியிடட்டும், ஆதாரத்தையும் வெளியிடட்டும். புகார் சொல்பவரே தீர்ப்பும் எழுதக் கூடாது. தமிழ்நாடு அரசும் 2023-இல் தன் சரிபார்ப்புப் பிரிவைத் தொடங்கியது. அதற்கும் இதே அளவுகோல்தான். நம்மூர் என்பதால் சலுகை கிடையாது.

"முதலில் தந்தது நாங்களே" என்று போட்டுக்கொள்கிறார்களே, வாசகருக்கு அதனால் என்ன லாபம்?
*மருந்துக்கடைக்காரர், கும்பகோணம்*

ஒன்றுமில்லை. 2016 டிசம்பர் 5 மாலை நினைவிருக்கிறதா? முதலமைச்சர் ஜெயலலிதா காலமானதாகச் சில தமிழ்த் தொலைக்காட்சிகள் அறிவித்தன. கட்சித் தலைமையகத்தில் கொடி அரைக்கம்பத்துக்கு இறங்கியது. சிகிச்சை தொடர்கிறது என்று அப்போலோ மருத்துவமனை மறுத்தது. கொடி மறுபடி மேலே ஏறியது. நள்ளிரவு தாண்டி வந்த அறிவிப்பின்படி அவர் இறந்த நேரம் இரவு 11.30. சில மணி நேரம் முந்தியதில் எந்தப் பார்வையாளருக்கு என்ன கிடைத்தது? ஓர் ஊரே இரண்டு முறை அழுதது.

விக்கிப்பீடியாவை ஆதாரமாகக் காட்டினால் எங்கள் ஆசிரியை அடிக்கோடு போடுகிறார். சரியா?
*பிளஸ் டூ மாணவர், காரைக்குடி*

சரிதான், ஆனால் ஒரு கதை. 2009 மார்ச்சில் பிரெஞ்சு இசையமைப்பாளர் மோரிஸ் ஜார் இறந்தார். டப்ளினில் படித்த மாணவர் ஒருவர், அவர் சொன்னதாக உருக்கமான ஒரு வாசகத்தைத் தானே எழுதி விக்கிப்பீடியாவில் சேர்த்தார். பத்திரிகைகள் எவ்வளவு சரிபார்க்கின்றன என்று பார்ப்பதுதான் நோக்கம். விக்கிப்பீடியாவின் தன்னார்வலர்கள் ஆதாரம் இல்லை என்று அதை விரைவாகவே நீக்கினார்கள். அதற்குள் லண்டன் 'கார்டியன்' உட்படப் பல நாட்டுப் பத்திரிகைகள் அஞ்சலிக் கட்டுரையில் அந்த வாசகத்தை எடுத்துப் போட்டுவிட்டன. வாரக்கணக்கில் யாரும் கண்டுபிடிக்கவில்லை. மாணவரே எழுதித் தெரிவித்த பிறகுதான் திருத்தம் வந்தது. சம்பளம் வாங்காதவர்கள் பிடித்ததை, வாங்கியவர்கள் விட்டார்கள். விக்கிப்பீடியாவில் கீழே இருக்கும் ஆதார இணைப்பைத் திறந்து படித்து, அதைக் காட்டுங்கள். அப்துல் கலாம் படத்தோடு வரும் பொன்மொழிகளுக்கும் இதையே செய்யுங்கள்; பாதி பொன்மொழிகளை அவர் கேட்டிருந்தால் அவரே குறித்துக்கொண்டிருப்பார்.

இலங்கையிலும் வதந்தி பரப்புவது முகநூல்தான் என்கிறார்கள். உங்கள் கருத்து?
*வாசகர், மட்டக்களப்பு*

முகநூலுக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் 2019 மே 23-ஐ மறக்க முடியுமா? ஈஸ்டர் குண்டுவெடிப்புகள் நடந்து ஒரு மாதம். முஸ்லிம் மருத்துவர் ஒருவர் நாலாயிரம் சிங்களப் பெண்களுக்கு அவர்களுக்கே தெரியாமல் கருத்தடை செய்துவிட்டார் என்று முதல் பக்கத்தில் போட்டது ஒரு சிங்கள நாளிதழ். அடுத்த நாட்களில் குருநாகல் மருத்துவர் ஒருவர் கைதானார். அந்தக் குற்றச்சாட்டுக்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்று குற்றப் புலனாய்வுத் துறை நீதிமன்றத்தில் சொன்னது. ஜூலையில் அவருக்குப் பிணை கிடைத்தது. நாளிதழில் வந்தது என்பதே முகநூலில் அதற்கு முத்திரையாயிற்று. தஞ்சாவூர்த் தலைமையாசிரியர் கவனிக்க.

பாதிக்கப்பட்ட சிறுமியின் முகத்தை மங்கலாக்கிவிட்டு, அம்மாவையும் வீட்டையும் தெருவையும் தெளிவாகக் காட்டுகிறார்களே?
*வழக்கறிஞர், கடலூர்*

சட்டம் உங்களுக்குத் தெரியும், கேமராக்காரர்களுக்காகச் சொல்கிறேன். போக்சோ சட்டத்தின் 23-ஆவது பிரிவு பெயர், முகவரி, படம் மட்டுமல்ல, குடும்ப விவரம், பள்ளி, அக்கம்பக்கம் என்று அடையாளம் காட்டும் எதையும் வெளியிடக் கூடாது என்கிறது. கத்துவாவில் வன்கொடுமைக்கு ஆளாகிக் கொல்லப்பட்ட சிறுமியின் பெயரையும் படத்தையும் வெளியிட்டதற்காக 2018 ஏப்ரலில் டெல்லி உயர் நீதிமன்றம் ஊடக நிறுவனங்கள் பன்னிரண்டுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் செலுத்தும்படி உத்தரவிட்டது. அதன் பிறகும் "கதறும் தாய்" தம்ப்நெயில் நிற்கவில்லை. ஓர் ஊரில் எத்தனை தாய்மார்கள் அன்றைக்குக் கதறுவார்கள்? முகத்தை மறைத்து என்ன பயன்?

இனி ஏ.ஐ. செய்தி எழுதினால் மனிதத் தவறு குறையுமல்லவா?
*ஐ.டி. ஊழியர், ஓசூர்*

மனிதத் தவறு குறையும், தவறு குறையாது. 'சிநெட்' தளம் 2022 இறுதியில் தொடங்கி 77 கட்டுரைகளை இயந்திரத்தைக் கொண்டு எழுத வைத்தது, வாசகர் கண்ணில் படும்படி சொல்லாமலே. விஷயம் வெளியானதும் ஆராய்ந்து, 41 கட்டுரைகளுக்குத் திருத்தம் போட்டது. ஒன்றில், பத்தாயிரம் டாலரை 3 சதவீத வட்டியில் போட்டால் முதல் ஆண்டில் 10,300 டாலர் சம்பாதிக்கலாம் என்று இருந்தது. அசலையும் சேர்த்து லாபமாகச் சொல்வதை நாம் இதுவரை சீட்டுக் கம்பெனி ஏஜென்டிடம்தான் கேட்டிருக்கிறோம்.

அடுத்த ஆண்டு 'ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்' இணையதளத்தில் கட்டுரையாளர் ஒருவரின் புகைப்படம், ஏ.ஐ. முகங்களை விற்கும் தளத்தில் விலைக்கு இருந்ததை ஃப்யூச்சரிசம் என்ற தளம் கண்டுபிடித்தது. கேள்வி கேட்டதும் கட்டுரையாளர் பக்கத்தையே காணோம். வெளியாள் நிறுவனம் கொடுத்தது என்று விளக்கம் சொன்னார்கள். இயந்திரம் எழுதியது என்பதைக்கூட விட்டுவிடுவேன். இல்லாத ஆளுக்கு முகமும் பொழுதுபோக்கும் கொடுத்து வாசகர் முன் நிறுத்தியதை விட மாட்டேன்.

பொய்ச் செய்தி போடுபவர்களுக்கு அரசியல் வெறியா, பைத்தியமா?
*பால் பண்ணை உரிமையாளர், ஈரோடு*

வாடகை, மின்கட்டணம். 2016 அமெரிக்கத் தேர்தலின்போது டிரம்பை ஆதரித்துப் பரபரப்புச் செய்திகள் வெளியிட்ட நூற்றுக்கும் மேற்பட்ட தளங்களை நடத்தியவர்கள் மாசிடோனியாவின் வெலஸ் என்ற சிற்றூர் இளைஞர்கள். டிரம்ப் மீது பெரிய பாசமில்லை. க்ளிக்குக்கு விளம்பரக் காசு வந்தது, அவ்வளவுதான்.

2000 ரூபாய் நோட்டில் சிப் இருந்தது, பூமிக்கடியில் புதைத்தாலும் சாட்டிலைட் கண்டுபிடிக்கும் என்று டி.வி.யிலேயே சொன்னார்களே. அது என்ன ஆயிற்று?
*மளிகைக் கடைக்காரர், தேனி*

அப்படி ஒரு சிப் இல்லவே இல்லை. 2023 மே மாதம் ரிசர்வ் வங்கி அந்த நோட்டைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக அறிவித்தபோது நாம்தான் கொண்டுபோய்க் கட்ட வேண்டியிருந்தது. சிப் இருந்திருந்தால் அவர்களே மண்வெட்டியோடு வீட்டுக்கு வந்திருப்பார்கள்.